வரிச் சட்டம் பயிலும் மாணவர்களுக்கு: 1895-இன் தீர்ப்பைக் கணக்குப் போட்டுப் படியுங்கள்

அன்புள்ள சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு,



நேரடி வரி, மறைமுக வரி என்ற பிரிவை வரிச் சட்ட வகுப்பின் தொடக்கத்திலேயே படித்துவிடுகிறீர்கள். வருமான வரி நேரடி வரி, ஜிஎஸ்டி மறைமுக வரி என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைத்துவிடும். இந்தப் பிரிவை வைத்துத்தான் 1895-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த நாட்டின் வருமான வரிச் சட்டத்தை அடியோடு செல்லாததாக்கியது. அந்த வரியை மீண்டும் கொண்டுவர அம்மக்களுக்கு 18 ஆண்டுகள் பிடித்தன. அதற்காக அரசியலமைப்புச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது.

‘பொலாக் எதிர் ஃபார்மர்ஸ் லோன் அண்ட் டிரஸ்ட் கம்பெனி’ என்பது வழக்கின் பெயர். பொலாக் வழக்கு என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நாளைக்கு வழக்கறிஞர்களாகவும் நீதிபதிகளாகவும் ஆகப்போகிற நீங்கள் இந்த வழக்கை முழுமையாகப் படிக்க வேண்டும், அதுவும் கையில் பென்சிலை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபடி படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன். ஒரு வரித் தீர்ப்பு நியாயமானதா என்பது அதன் வாதத்தைப் படித்தால் மட்டும் விளங்கிவிடாது. யார் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் விளங்கும்.

சிக்கலின் வேர் 1787-இல் பிலடெல்பியாவில் கூடிய அரசியலமைப்பு மாநாட்டில் இருக்கிறது. அடிமைகளையும் தலைக்கணக்கில் சேர்த்து நாடாளுமன்றத்தில் கூடுதல் இடங்கள் பெறத் தென் மாநிலங்கள் விரும்பின. வட மாநிலங்கள் எதிர்த்தன. ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிடுவது என்று சமரசம் ஆயிற்று. இடங்கள் எந்தக் கணக்குப்படி கிடைக்குமோ, அதே கணக்குப்படிதான் நேரடி வரியும் மாநிலங்களுக்குப் பங்கிடப்படும் என்று சேர்த்தே எழுதினார்கள். இடம் கூடினால் வரிச் சுமையும் கூடும் என்பது அதில் இருந்த எடைக்கு எடை. சுங்கம், ஆயத்தீர்வை போன்ற மற்ற வரிகளுக்கு விதி வேறு. நாடு முழுவதும் ஒரே விகிதத்தில் விதித்தால் போதும்.

அப்படியானால் நேரடி வரி என்பது எது? அந்த மாநாட்டிலேயே ரூஃபஸ் கிங் என்ற பிரதிநிதி எழுந்து இதைக் கேட்டார். எவரும் பதில் சொல்லவில்லை என்று ஜேம்ஸ் மேடிசன் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். பதில் இல்லாத அந்தக் கேள்விதான் 108 ஆண்டுகள் கழித்து ஒரு தேசத்தின் கருவூலத்தைப் பிடித்து உலுக்கியது.

பொலாக் வழக்குக்குப் போகுமுன் 1796-இன் ஹில்டன் வழக்கைப் படித்துவிடுங்கள். கூட்டரசு குதிரை வண்டிகளுக்கு வரி போட்டிருந்தது. இது நேரடி வரி, மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பங்கிடாததால் செல்லாது என்று வர்ஜீனியாவைச் சேர்ந்த டேனியல் ஹில்டன் வழக்காடினார். அரசுக்காக வாதாடியவர், நிதித்துறைப் பொறுப்பிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த அலெக்சாண்டர் ஹாமில்டன். பிலடெல்பியா மாநாட்டில் பிரதிநிதியாக இருந்த வில்லியம் பேட்டர்சன் இப்போது நீதிபதியாக அமர்ந்திருந்தார்.

நீதிபதி சாமுவேல் சேஸ் செய்ததைக் கவனியுங்கள். அவர் கணக்குப் போட்டார். மக்கள்தொகை சமமான இரண்டு மாநிலங்கள். ஒன்றில் 1,000 வண்டிகள், மற்றதில் 100 வண்டிகள். இரண்டு மாநிலங்களும் ஒரே தொகை கட்ட வேண்டும் என்றால், முதல் மாநிலத்தில் வண்டிக்கு 8 டாலர் விழும்போது அடுத்த மாநிலத்தில் 80 டாலர் விழும். ஒரே மாதிரி வண்டிக்குப் பத்து மடங்கு வரி! பங்கிட்டால் இவ்வளவு அநியாயம் விளையும் வரியை, பங்கிட்டே தீர வேண்டிய நேரடி வரி என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள் என்று நீதிபதிகள் முடிவு கட்டினார்கள். தலைவரியும் நிலவரியுமே நேரடி வரி என்ற கருத்து அந்தத் தீர்ப்பிலிருந்து வேர்விட்டது.

அந்த வேர் நூறு ஆண்டுகள் உறுதியாக நின்றது. உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1861-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முதன்முறையாக வருமான வரிச் சட்டம் இயற்றியது. போர் முடிந்த பிறகும் 1872 வரை ஏதோ ஒரு வடிவில் அந்த வரி இருந்தது. இலினாய்ஸ் வழக்கறிஞரும் பின்னாளில் காங்கிரஸ் உறுப்பினரானவருமான வில்லியம் ஸ்பிரிங்கர் தம் 1865-ஆம் ஆண்டு வருமானத்துக்கு வரி கட்ட மறுத்தார். அவருடைய சொத்து பறிமுதலாகி ஏலத்துக்குப் போனது. அந்த வழக்கில் 1881-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: வருமான வரி நேரடி வரி இல்லை, செல்லும்.

இனி 1894-க்கு வாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பெரும் பொருளாதார நெருக்கடி அமெரிக்காவை அடித்துப் போட்டிருந்தது. கூட்டரசின் பணம் பெரும்பாலும் சுங்கத்திலிருந்தும், மது, புகையிலை மீதான தீர்வைகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. துணி வாங்குகிறவரும் கம்பளி வாங்குகிறவரும் பொருளின் விலையோடு சேர்த்துக் கட்டிய பணம் அது. செல்வந்தரின் வாடகையும் வட்டியும் பங்காதாயமும் கூட்டரசின் கண்ணில் படாமல் இருந்தன. தெற்கிலும் மேற்கிலும் இருந்த விவசாயிகள் இதைத்தான் அநியாயம் என்றார்கள். சுங்க விகிதங்களைக் குறைக்கும் வில்சன்-கோர்மன் சட்டத்தில், ஆண்டுக்கு 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 2 விழுக்காடு வரி என்ற பிரிவு சேர்ந்தது. குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து கையொப்பம் இடாமலேயே அது சட்டமானது. ஆலைத் தொழிலாளி ஒருவரின் சராசரி ஆண்டுக் கூலி 500 டாலரைக்கூடத் தொடாத காலம். எனவே இந்த வரி யாருடைய வாசற்படியில் போய் நிற்கும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வழக்கு வந்த விதத்தையும் பாருங்கள். வரி வசூலைத் தடுக்கச் சொல்லி நேரடியாக வழக்குப் போட அமெரிக்கச் சட்டம் 1867 முதலே இடம் தரவில்லை. வரியை முதலில் கட்டு, பிறகு திருப்பிக் கேள் என்பதே விதி. அதைச் சுற்றிப்போக ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த சார்லஸ் பொலாக் என்ற பங்குதாரர், பத்துப் பங்குகளை வைத்துக்கொண்டு, “செல்லாத வரியைக் கட்டி என் பணத்தை வீணாக்காதே” என்று தம் சொந்த நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடர்ந்தார். அந்த நியூயார்க் நிறுவனத்துக்கும் வரி கட்ட ஆசையில்லை. வாதியும் பிரதிவாதியும் ஒரே முடிவை விரும்பிய வழக்கு இது. வழக்கில் தரப்பாகவே இல்லாத அரசு, தலைமை வழக்கறிஞர் ரிச்சர்ட் ஓல்னி வழியாக வந்து தன் பக்கத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. வழக்கைத் தொடுத்த இந்த முறையே தவறு என்று நீதிபதி எட்வர்ட் வைட் தம் மாறுபட்ட தீர்ப்பில் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மார்ச் மாதத்தில் வாதம் நடந்தது. வரியை எதிர்த்த ஜோசப் சோட் நியூயார்க்கின் பெயர்பெற்ற வழக்கறிஞர். இந்த வரி பொதுவுடைமைக் கொள்கையின் வாடை வீசுவது, தனிச்சொத்தின் மீதான தாக்குதல் என்று அவர் நீதிமன்றத்தில் முழங்கினார். ஏப்ரல் 8-ஆம் தேதி முதல் தீர்ப்பு வந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஹோவல் ஜாக்சன் காசநோயால் படுத்திருந்ததால் எட்டுப் பேரே இருந்தார்கள். நில வாடகை மீதான வரி, நிலத்தின் மீதான வரியே, ஆகவே பங்கிட்டால்தான் செல்லும் என்றார் தலைமை நீதிபதி மெல்வில் ஃபுல்லர். மாநில, நகராட்சிக் கடன் பத்திரங்களின் வட்டிக்கும் வரி கூடாது என்று முடிவானது. பங்காதாயம் போன்ற மற்ற வருமானங்களைப் பற்றி நான்குக்கு நான்கு என்று சமமாகப் பிரிந்து, முடிவு சொல்லாமல் விட்டார்கள். 78 வயதான ஸ்டீபன் ஃபீல்ட் தனியாக எழுதிய தீர்ப்பில், இது மூலதனத்தின் மீதான படையெடுப்பின் தொடக்கம், ஏழைகள் பணக்காரர்கள் மீது தொடுக்கும் போராக முடியும் என்று எச்சரித்தார். வரி விகிதம் 2 விழுக்காடு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பத்திகளைப் படியுங்கள்.

பாதி வெந்த தீர்ப்போடு நாடு நிற்க முடியாது. மறு விசாரணை நடந்தது. டென்னசியில் நோய்ப்படுக்கையில் இருந்த ஜாக்சன் எழுந்து வாஷிங்டன் வந்து அமர்ந்தார். 1895 மே 20-ஆம் தேதி ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வருமான வரி முழுவதும் செல்லாது என்று தீர்ப்பானது. ஜாக்சன் வரிக்கு ஆதரவாகத்தான் வாக்களித்தார். முன்பு நான்குக்கு நான்காக நின்ற இடத்தில் அவரும் சேர்ந்த பின் வரி தோற்றது என்றால், முன்பு ஆதரித்த யாரோ ஒருவர் இடையில் மனம் மாறியிருக்க வேண்டும். ஜார்ஜ் ஷைராஸ் என்று அப்போதைய செய்தித்தாள்கள் எழுதின. வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஜாக்சன் அந்த ஆகஸ்ட் 8-ஆம் தேதி இறந்துபோனார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை அலட்சியமாகத் தள்ளிவிட வேண்டாம். எதிர்த்தரப்பை அதன் முழு வலுவோடு புரிந்துகொள்ளாதவன் நல்ல வழக்கறிஞன் ஆக முடியாது. ஃபுல்லரின் வாதத்தில் சாரம் உண்டு. நிலத்துக்கு வரி போட்டால் நேரடி வரி என்று எல்லோரும் ஒப்புக்கொள்கிறீர்கள். அந்த நிலம் தரும் வாடகைக்கு வரி போட்டால் மட்டும் அது வேறாகிவிடுமா என்று கேட்டார். வாடகை இல்லையென்றால் நிலத்துக்கு என்ன மதிப்பு? நிலத்துக்குச் சொன்னது பங்குக்கும் பத்திரத்துக்கும் பொருந்தும் என்று அடுத்த படிக்கு ஏறினார். பங்கீட்டு விதியை அரசியலமைப்பு இரண்டு இடங்களில் எழுதியிருக்கிறது, அதைச் செத்த எழுத்தாக்க நீதிமன்றத்துக்கு உரிமையில்லை என்றார். ஒவ்வொரு படியும் தனியாகப் பார்த்தால் உறுதியாகவே தெரியும்.

இந்த இடத்தில் பென்சிலை எடுங்கள். காங்கிரஸ் விரும்பினால் வருமான வரியை மாநிலங்களுக்குப் பங்கிட்டு வசூலிக்கலாமே என்கிறது தீர்ப்பு. சரி, பங்கிட்டுப் பார்ப்போம். மக்கள்தொகை தலா 10 லட்சம் உள்ள இரண்டு மாநிலங்களை மனத்தில் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 10 லட்சம் டாலர் தர வேண்டும். முதல் மாநிலம் தொழில் வளம் மிக்கது; 4,000 டாலருக்கு மேற்பட்ட வருமானத்தையெல்லாம் கூட்டினால் 5 கோடி டாலர் தேறுகிறது. அங்கே 2 விழுக்காடு வரி போட்டால் போதும். இரண்டாவது வறண்ட விவசாய மாநிலம். அதே வகை வருமானம் 50 லட்சம்தான் தேறும். அங்கே 20 விழுக்காடு வசூலித்தாக வேண்டும். இன்னும் ஏழையான மூன்றாவது மாநிலத்தில் மொத்தமே 10 லட்சம் என்றால், முழுவதையும் பிடுங்கினால்தான் கணக்கு நேராகும். பணக்கார மாநிலத்துப் பணக்காரர் 2 விழுக்காட்டோடு தப்பிக்க, ஏழை மாநிலத்தில் தலையெடுத்த ஒரு சிலர் தங்கள் வருமானம் மொத்தத்தையும் கட்டுவார்கள். எந்த நாடாளுமன்றமும் இப்படி ஒரு சட்டம் இயற்றாது. பங்கிட்டுக்கொள்ளலாம் என்ற சொல்லால் தீர்ப்பு ஒரு கதவைத் திறந்து காட்டியது. கணக்குப் போட்டால் அங்கே சுவர்தான் இருக்கிறது.

சேஸ் 1796-இல் போட்ட அதே கணக்குத்தான் இது. 1895-இல் மாறுபட்ட நால்வரும் அதை நினைவூட்டினார்கள். ஐந்து பேர் அதைப் பொருட்படுத்தவில்லை. நூறு ஆண்டு முன்தீர்ப்புகளும் 1881-இன் ஒருமனதான தீர்ப்பும் ஒரே ஒரு வாக்கில் சாய்ந்தன.

இன்னொரு செய்தி இருக்கிறது, தீர்ப்பின் கடைசிப் பகுதியில். கூலி, சம்பளம், தொழில் வருமானம் மீதான வரி நேரடி வரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அந்தப் பகுதி மட்டும் தனியாக நின்றால் செல்லும். ஆனால் சொத்து வருமானத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை நிற்கவிட்டால், மூலதனத்துக்காகப் போட்ட வரி உழைப்பின் மேலும் தொழிலின் மேலும் விழும் வரியாக மாறிவிடும், காங்கிரஸ் அதை விரும்பியிருக்காது என்று சொல்லி முழுவதையும் நீக்கினார் ஃபுல்லர். அந்தத் தீர்ப்பின் விளைவை அவரே எவ்வளவு தெளிவாக அறிந்திருந்தார் என்பதற்கு இந்தப் பத்தி சாட்சி. சொத்தின் வருமானத்தைத் தொட முடியாது, உழைப்பின் வருமானத்தைத் தொடலாம் என்ற நிலைக்குத் தம் தர்க்கம் கொண்டுபோய் விட்டதை அவர் பார்த்தார். பார்த்த பிறகும் தர்க்கத்தைத் திரும்பிப் பரிசோதிக்கவில்லை.

வருமான வரி போனது, அந்தச் சட்டத்தின் மற்ற பகுதிகள் நின்றன. சர்க்கரைக்கு அதே சட்டம் 40 விழுக்காடு சுங்கம் போட்டிருந்தது. அதற்கு முன் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் கச்சாச் சர்க்கரை சுங்கமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மே 20-க்குப் பிறகு நிலைமை என்ன? ஆண்டுக்கு 4,000 டாலருக்கு மேல் வட்டியும் பங்காதாயமும் பெறுகிறவர் அந்த வருமானத்துக்காகக் கூட்டரசுக்குக் கொடுக்க வேண்டியது எதுவுமில்லை. 500 டாலர் கூலிக்காரரின் மனைவி காப்பியில் போடும் சர்க்கரைக்கு வரி கொடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டும் ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகள்.

இப்போது மாறுபட்ட தீர்ப்புகளுக்கு வாருங்கள். ஜான் மார்ஷல் ஹார்லன், போர்க் காலத்தில் நாட்டுக்குப் பணம் தேவைப்பட்டால் செல்வத்தைத் தொட முடியாத அரசாக இதை ஆக்கிவிட்டீர்களே என்று கேட்டார். மறு ஆண்டே இன ஒதுக்கலை ஏற்ற பிளெஸ்ஸி வழக்கில் தனி ஒருவராக மாறுபட்டவர் அவர்தான். ஹென்றி பிரவுன், பணத்தின் கொடுங்கோன்மைக்குள் மக்களின் உரிமைகள் மூழ்குவதற்கு இது முதல் படியாகிவிடக் கூடாதே என்று அஞ்சினார். அதே பிரவுன்தான் பிளெஸ்ஸி வழக்கில் இன ஒதுக்கலை ஏற்ற பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். ஓர் இடத்தில் நியாயத்தைக் கண்டவர் இன்னோர் இடத்தில் காணத் தவறலாம். அதனால்தான் நீதிபதியின் பெயரைப் பார்த்து மயங்காமல் ஒவ்வொரு தீர்ப்பையும் தனித்தனியே எடைபோட வேண்டும் என்கிறேன்.

மக்கள் அந்தத் தீர்ப்பை மீறவில்லை, மாற்றினார்கள். 1909-இல் காங்கிரஸ் 16-ஆவது திருத்தத்தை முன்மொழிந்தது. செனட்டில் வாக்களித்த 77 பேரும் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. கீழவையில் 318 பேர் ஆதரவு, 14 பேர் எதிர்ப்பு. நான்கில் மூன்று பங்கு மாநிலங்கள் ஒப்பாது, இது அங்கேயே செத்துவிடும் என்று நம்பித்தான் வரியின் எதிரிகள் பலர் வழிவிட்டார்கள். முதலில் ஒப்புதல் தந்தது அலபாமா. 1913 பிப்ரவரி 3-ஆம் தேதி தேவையான எண்ணிக்கை நிறைந்தது. எந்த வழியில் வந்த வருமானமானாலும், மாநிலங்களுக்குப் பங்கிடாமல், மக்கள்தொகைக் கணக்குப் பாராமல் வரி விதிக்கலாம் என்று ஒரே ஒரு வாக்கியத்தில் அந்தத் திருத்தம் சொல்லிவிட்டது. அதன் கீழ் வந்த புதிய வரியை 1916-இல் பிரஷேபர் வழக்கில் நீதிமன்றம் ஏற்றபோது தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி யார் தெரியுமா? 1895-இல் மாறுபட்ட அதே எட்வர்ட் வைட்.

பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூன் 20-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த மூர் வழக்கில் பொலாக் மீண்டும் விவாதிக்கப்பட்டது. ஓர் அமெரிக்கத் தம்பதியர், நம் பெங்களூருவில் இருந்து சிறு விவசாயிகளுக்குக் கருவிகள் விற்கும் நிறுவனம் ஒன்றில் பங்கு வைத்திருந்தார்கள். நிறுவனம் ஈட்டி, பங்குதாரருக்குப் பிரித்துத் தராமல் வைத்திருந்த லாபத்துக்கு 2017-இன் சட்டம் வரி கேட்டது. கைக்கு வராத பணம் வருமானமா, 16-ஆவது திருத்தம் அதற்கும் பொருந்துமா என்று வழக்காடினார்கள். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் வரி செல்லும் என்றது நீதிமன்றம். சொத்து வரியைப் பற்றிய பெரிய கேள்வியைத் தொடாமல் விட்டுவைத்தது. பெரும் செல்வத்தின் மீது வரி போடும் சட்டம் அங்கே என்றைக்கு வந்தாலும், அதை எதிர்ப்பவர் கையில் முதலில் இருக்கப்போவது பொலாக் தீர்ப்புதான்.

நம் அரசியலமைப்பில் அந்தப் பங்கீட்டு விதி இல்லை. விவசாய வருமானம் தவிர்த்த வருமானத்துக்கு வரி விதிக்கும் அதிகாரம் ஒன்றியத்துக்கு என்று ஒன்றியப் பட்டியலின் 82-ஆவது பதிவு நேராகச் சொல்கிறது. விவசாய வருமானம் மாநிலங்களுக்கு. ஆனாலும் எந்த வரி எந்தப் பதிவின் கீழ் வரும் என்ற வழக்குகள் நம் நீதிமன்றங்களில் ஓய்ந்தபாடில்லை. அவற்றில் நீங்கள் வாதாடுவீர்கள், உங்களில் சிலர் தீர்ப்பும் எழுதுவீர்கள்.

ஆகவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். பொலாக் வழக்கின் ஏப்ரல் தீர்ப்பையும் மே தீர்ப்பையும் மாறுபட்ட தீர்ப்புகளோடு சேர்த்து முழுதாகப் படியுங்கள். சுருக்கக் குறிப்புகளோடு நின்றுவிடாதீர்கள். எந்த வரி வழக்கைப் படித்தாலும், தீர்ப்பின்படி யார் தலையில் எவ்வளவு விழுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என்றைக்காவது நீங்கள் அந்த நாற்காலியில் அமர நேர்ந்தால், உங்கள் தர்க்கம் காட்டும் மாற்று வழி நடைமுறையில் நடக்கக்கூடியதா என்று சோதித்த பிறகே கையொப்பம் இடுங்கள். 1895-இல் அந்தச் சோதனையை ஐந்து பேர் செய்யவில்லை. அதற்கான விலையை 18 ஆண்டுகள் கொடுத்தவர்கள் வரி கட்டி வாழ்ந்த எளிய மக்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் உங்களுக்கு முன் வந்த ஒருவர்